நூற்றுப் பன்னிரண்டுக்கு அடுத்த பக்கம்

பேசில்: ...நான் குத்தம் சொல்ல வரலம்மா. எண்ணிப் பாருன்னுதான் சொல்றேன். இது நூத்திப் பன்னெண்டு. அடுத்த பக்கம்?

ஷெர்லி: நூத்தி இருபத்தொம்போது அங்கிள்.

பேசில்: நடுவுல பதினாறு பக்கம் எங்க?

ஷெர்லி: இல்ல.

பேசில்: இல்லன்னு எனக்கும் தெரியுது. ஏன் இல்ல?

ஷெர்லி: ஒரு பாரம் விட்டுப்போச்சு போல.

பேசில்: பாரம்னா?

ஷெர்லி: பெரிய தாள் ஒன்ன மடிச்சா பதினாறு பக்கம் வரும். அதத்தான் பாரம்னு சொல்லுவோம். ஒன்னு, ரெண்டுன்னு வரிசையா அடுக்கி, முதுகுல பசை போட்டு, அட்டைய ஒட்டுவோம். இதுல எட்டாவது பாரம் இல்ல.

பேசில்: உன் பேருதானே ஷெர்லி? கீழ மாமாக் சாப்பாட்டுக் கடையில சொன்னாங்க, பைண்டிங் பொண்ணு மட்டும்தான் இருக்குன்னு.

ஷெர்லி: ஆமா. பாஸ் கிள்ளானுக்கு டெலிவரிக்குப் போயிருக்காரு. அஞ்சு மணிக்கு வந்துருவாரு.

பேசில்: நான் யாருன்னு தெரியுதா?

ஷெர்லி: பேசில் அங்கிள். ஞாயித்துக்கிழமை பேப்பர்ல புத்தக மதிப்புரை எழுதுவீங்க. மேல உங்க போட்டோ வரும். போட்டோல முடி இருக்கும்.

பேசில்: அது பழைய போட்டோ... சரி, இத சொல்லு. இந்த ஒரு புத்தகத்துல மட்டும்தானே விட்டுப்போச்சு?

ஷெர்லி: ஐநூறுலயும் அங்கிள்.

பேசில்: அலாமாக்.

ஷெர்லி: பாஸ்கிட்ட சொல்லிராதீங்க அங்கிள். போன மாசம்தான் ஒரு கோயில் மலர்ல தலைவரோட வாழ்த்துரையத் தலைகீழா வெச்சு ஒட்டிட்டேன். இன்னொரு தப்பு நடந்தா வீட்டுக்குப் போயிரலாம்னு சொல்லிட்டாரு.

பேசில்: போனாப் போ. சின்னப் பொண்ணுதானே, வேற வேலையா கெடைக்காது?

ஷெர்லி: கெடைக்கும். தெலுக் பங்லிமா காராங்ல அத்தை ஒரு பேக்டரில இருக்காங்க. பெட்டிக்கு டேப் ஒட்டணும்.

பேசில்: அது நல்ல வேலைதானே.

ஷெர்லி: பெட்டியில படிக்க ஒன்னும் இருக்காது அங்கிள்.

பேசில்: ம்... என் நெலமையையும் கொஞ்சம் கேளு. நாளைக்கு மூணு மணிக்கு வெளியீட்டு விழா. முன்வரிசையில டத்தோ பட்டம் வாங்குன ரெங்கசாமி. மேடையில ஆய்வுரை பேசப்போறது நான். புத்தகம் என்ன? ‘நிலவுக்கு ஒரு லோரி’. கிள்ளான் தாமரை டீச்சர் எழுதுன இளையோர் நாவல். பயிற்சி விமானி ஒருத்தி, நிலவுக்குச் சரக்கு ஏத்திட்டுப் போற விண்வெளி லோரிய ஓட்டக் கத்துக்கறா...

ஷெர்லி: மங்கை.

பேசில்: ஆங், மங்கை. ரெண்டு தடவ தரையிறங்கத் தெரியாமத் தோத்துப்போறா. மூணாவது தடவ அவளுக்கு வழி காட்டுறது யாரு? கேப்டன் ரெங்கா. அந்த கேப்டன் வர்றது எட்டாவது அத்தியாயத்துல மட்டும்தான். நூத்திப் பதிமூணுலருந்து நூத்தி இருபத்தெட்டு வரைக்கும். இப்பப் புரியுதா, நீ யாரத் தூக்கி வெளிய போட்டிருக்கேன்னு?

ஷெர்லி: டத்தோவ.

பேசில்: டத்தோவேதான். முந்நூறு புத்தகத்தப் பள்ளிக்கூடங்களுக்கு வாங்கிக் குடுக்கப்போற மனுஷன். தன் பேருல ஒரு கேப்டன் இருக்கணும், அவரு நாலு நல்ல வார்த்தை சொல்லணும், அவ்வளவுதான் அவரு கேட்டது.

ஷெர்லி: நாலு வார்த்தை இல்ல அங்கிள். பதினாறு பக்கம்.

பேசில்: எதுவோ ஒன்னு. நாளைக்கு அதுலருந்து ரெண்டு பத்திய ஏத்த இறக்கத்தோட வாசிக்கணும். நான் வாசிக்கும்போது கூட்டத்துல ஒருத்தன் புத்தகத்தத் தொறந்து பாத்தான்னு வெச்சுக்க...

ஷெர்லி: அங்கிள், நீங்க இத எப்பக் கண்டுபிடிச்சீங்க?

பேசில்: எப்பன்னா? படிக்கும்போதுதான்.

ஷெர்லி: மதிப்புரை போன வாரமே வந்துருச்சே.

பேசில்: ...ரெண்டாவது தடவ படிக்கும்போது.

ஷெர்லி: ஓ.

பேசில்: என்ன ஓ?

ஷெர்லி: ஒன்னுமில்ல. பசை சிந்தாம இருக்கறதுக்கு மேசையில பழைய பேப்பர விரிப்போம். உங்க பக்கத்த மட்டும் எடுத்து வெச்சிருவேன். இந்தா இருக்கு. ‘இந்நாவலின் சிகரம் எட்டாவது அத்தியாயமே என்பது வெள்ளிடைமலை. கேப்டன் ரெங்காவின் ஒவ்வொரு சொல்லும் இளையோர் நெஞ்சில் பதிய வேண்டிய கல்வெட்டு. இப்பகுதியை வாசிக்கையில் என் கண்கள் பனித்தன.’

பேசில்: போதும் போதும்.

ஷெர்லி: உங்களுக்கு அனுப்புன புத்தகத்துலயும் அந்தப் பக்கம் இல்லயே அங்கிள். எதப் பாத்துப் பனிச்சுச்சு?

பேசில்: ...குடிக்கத் தண்ணி இருக்கா?

ஷெர்லி: பால் இல்லாத தே ஓ இருக்கு. ஆறிப்போச்சு.

பேசில்: பரவால்ல, குடு... காஜாங்ல ஒரு அம்மா. நல்லம்மாள்னு பேரு. தலைமையாசிரியையா இருந்து ரிட்டயர் ஆனவங்க. நம்ம பேப்பர் ஆபீசுக்குப் போன் போட்டு, ‘மதிப்புரையப் படிச்சிட்டு டீச்சர்கிட்டயே நேரா ஒன்னு வாங்கிட்டேன், ரெண்டு நாளா கேப்டனத் தேடுறேன், எந்தப் பக்கத்துல இருக்காரு?’ன்னு கேட்டிருக்காங்க. எடிட்டர் என்னக் கூப்பிட்டு, ‘எந்தப் பக்கம், பேசில்?’ங்கறாரு. பாத்ரூம்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்னு சொன்னேன். அது வியாழக்கிழமை.

ஷெர்லி: இன்னைக்கு சனிக்கிழமை.

பேசில்: தெரியும்மா. நான் அத கையெழுத்துப் பிரதியில படிச்சேன், அதான் விஷயம். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே படிச்சிட்டேன். அதனால புத்தகத்துல இல்லன்னு கவனிக்கல. எடிட்டர்கிட்டயும் அதத்தான் சொல்லப்போறேன்.

ஷெர்லி: அப்ப சரி. மத்த அத்தியாயமும் கையெழுத்துலதான் படிச்சீங்களா?

பேசில்: எல்லாம்தான். இருபத்திரெண்டு வருஷமா இந்த வேலைதானே பாக்கறேன்.

ஷெர்லி: மங்கை எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சா அங்கிள்?

பேசில்: இதென்ன எஸ்.பி.எம். பரீட்சையா? கிள்ளான்ல... நல்ல பள்ளிக்கூடம் ஒன்னு. கெட்டிக்காரப் பொண்ணு. விமானியாகணும்னா அறிவியல்ல சும்மா மார்க்கு எடுத்தாப் பத்துமா.

ஷெர்லி: அவ பதினஞ்சு வயசுல, படிவம் மூணோட படிப்ப நிப்பாட்டிட்டா அங்கிள். ரெண்டாவது அத்தியாயம்.

பேசில்: ...அப்படியா இருக்கு?

ஷெர்லி: மொத வரியே அதுதான். லோரிப் பட்டறையில எண்ணெய் தொடச்சுக்கிட்டு இருந்தவள ஒரு இன்ஸ்பெக்டரம்மா கூட்டிட்டுப் போறாங்க. கதையே அதுதான். இப்ப உங்க கேப்டன் அவகிட்ட என்ன சொல்றாருன்னு கேளுங்க. ‘பாதியில் படிப்பை விட்டவர்களுக்கு வானம் ஒருபோதும் கதவைத் திறக்காது, மகளே.’ யாருகிட்ட சொல்றாரு? வானத்துக்கு நடுவுல லோரி ஓட்டிட்டு இருக்கறவகிட்ட. அவ பேசாமக் கேட்டுக்கிட்டு இருக்கா. தலையக்கூட ஆட்டுறா.

பேசில்: அந்த ரெண்டாவது அத்தியாயத்த... சரி விடு. நீ எது வரைக்கும் படிச்ச?

ஷெர்லி: முழுசும்.

பேசில்: புத்தகத்தக் கேக்கல. பள்ளிக்கூடத்தக் கேக்கறேன்.

ஷெர்லி: படிவம் மூணு.

பேசில்: ம். இப்பப் புரியுது. ஒன்னு ரெண்டு புத்தகத்துல ஒரு பாரம் விட்டுப்போகலாம். ஐநூறுலயும் அதே பாரம் எப்படிம்மா விட்டுப்போகும்? வார்த்தை உனக்குக் குத்திருச்சு. தூக்கிட்ட.

ஷெர்லி: விட்டுப்போச்சுன்னுதானே சொன்னேன்.

பேசில்: உன் பாஸ் அய்யாவு வரட்டும். அவரு கேக்கற மாதிரி கேப்பாரு. நான் இங்கயே உக்காந்திருக்கேன்.

ஷெர்லி: அங்கிள்...

பேசில்: பொய் சொல்றவங்களுக்காக நான் பேச முடியாதும்மா.

ஷெர்லி: ...வேணும்னுதான் விட்டேன்.

பேசில்: அப்படிச் சொல்லு.

ஷெர்லி: குத்துச்சு. இல்லன்னு சொல்லல. ஒரு நாள் பூராக் குத்துச்சு. ஆனா குத்துற பக்கத்தையெல்லாம் எடுக்கணும்னா இந்தக் கடையில ஒரு புத்தகமும் பைண்ட் பண்ண முடியாது. அதுக்காக எடுக்கல.

பேசில்: வேற எதுக்காக?

ஷெர்லி: ஏழாவது அத்தியாயத்தோட கடைசி வரியப் படிங்க. நூத்திப் பன்னெண்டுல கீழ.

பேசில்: கண்ணாடி... இரு... ‘நான்கு நிமிடத்துக்குத்தான் எரிபொருள் இருந்தது. மங்கை வானொலியை அணைத்தாள்.’

ஷெர்லி: ரேடியோவ அணைச்சிட்டா. எட்டாவது அத்தியாயம் எப்படி ஆரம்பிக்குதுன்னு தெரியுமா? ‘வானொலியில் கேப்டன் ரெங்காவின் கம்பீரக் குரல் ஒலித்தது.’ அணைச்ச ரேடியோல அங்கிள். இருக்கறது நாலு நிமிஷம். அவரு பதினாறு பக்கம் பேசுறாரு. ஒழுக்கம், நேரந்தவறாமை, பெரியவங்களுக்கு மரியாதை. நேரந்தவறாமையப் பத்தி மட்டும் மூணு பக்கம். நான் ஒரு தடவ சத்தமாப் படிச்சு மணி பாத்தேன். இருபத்தாறு நிமிஷம் ஆச்சு. அவ எப்பயோ விழுந்து செத்திருப்பா.

பேசில்: கதையில அதெல்லாம்... ஒரு சுதந்திரம் உண்டும்மா.

ஷெர்லி: சரி, இப்ப ஒன்பதாவது. நூத்தி இருபத்தொம்போது மேல.

பேசில்: ‘சக்கரங்கள் மண்ணைத் தொட்டன. அவள் கை நடுங்கவில்லை.’

ஷெர்லி: ரெண்டையும் சேத்துப் படிங்க.

பேசில்: ‘மங்கை வானொலியை அணைத்தாள்... சக்கரங்கள் மண்ணைத் தொட்டன.’

ஷெர்லி: யாரும் சொல்லிக் குடுக்காம அவளே எறக்கிட்டா. டீச்சர் எழுதுனது அதுதான். எட்டாவதக் கடைசியில கொண்டுவந்து நடுவுல சொருகிட்டாங்க. மத்த பக்கத்தக் கலைக்காம இருக்கறதுக்காக அளந்து ஒரே பாரமாப் போட்டாங்க. அடுக்கும்போது அத எடுத்துட்டு ஒரு புத்தகம் சேத்துப் பாத்தேன். சரியா உக்காந்துச்சு. கைய மேல வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன் அங்கிள். திரும்ப உள்ள வைக்க மனசு வரல.

பேசில்: பக்க நம்பர் குதிக்குதே. எல்லாருக்கும் தெரியாதா?

ஷெர்லி: பாஸ் பாக்கல. டத்தோ ஆபீஸ்ல பத்து காப்பி வாங்கிட்டுப் போனாங்க, அங்கயும் பாக்கல. நீங்களும் பாக்கல.

பேசில்: டீச்சர்?

ஷெர்லி: அவங்க வந்த அன்னைக்கு நேரா இந்தப் பக்கத்தத்தான் தொறந்தாங்க. பாத்தாங்க. மூடுனாங்க. என்னப் பாத்தாங்க. நான் பசை கலக்கிட்டு இருந்தேன். ஒன்னுமே கேக்கல. மறுநாள் கிள்ளான்லருந்து கொமுட்டர் ரயில்ல ஏறி வந்து ஒரு டப்பா கறிபாப் பலகாரம் குடுத்துட்டுப் போனாங்க. இன்னும் சூடா இருந்துச்சு.

பேசில்: ...அந்தம்மாவுக்கு அது வேணாமாமா?

ஷெர்லி: அது அவங்க எழுதுனதே இல்லயே அங்கிள்.

பேசில்: உனக்கு எப்படித் தெரியும்?

ஷெர்லி: வேற கை. டீச்சர் ஒரு வரியில சொல்றத இவரு ஒரு பக்கத்துல சொல்றாரு. விழுந்துக்கிட்டு இருக்கற லோரியில இருந்து ஒரு பொண்ணு, என்ன செய்யட்டும்னு கேக்கறா. ‘துணிவே துணை என்பது வெள்ளிடைமலை’ங்கறாரு. எந்த பட்டன அமுக்குறதுன்னு ஒரு எடத்துலயும் சொல்லல.

பேசில்: அது நல்ல தமிழும்மா.

ஷெர்லி: நல்ல தமிழ்தான். லோரி எறங்காது.

பேசில்: உன் வயசுல நான் மதிப்புரைன்னா வெறும் பாராட்டுன்னு நெனச்சிட்டு இருந்தேன்... அப்ப மொத்தமுமே குப்பையா? சும்மாதான் கேக்கறேன். பதினாறு பக்கத்துல ஒரு வரி கூடவா தேறாது?

ஷெர்லி: தேறும்.

பேசில்: எது?

ஷெர்லி: நூத்தி இருபத்திமூணு. அரைப்பக்கம்.

பேசில்: அந்தத் தாளெல்லாம் எங்க, பழைய பேப்பர்காரன்கிட்டப் போட்டுட்டியா?

ஷெர்லி: இல்ல. இந்த மேசைக்கு அடியிலதான் கட்டி வெச்சிருக்கேன். ஐநூறும் இருக்கு. இருங்க, ஒன்னு உருவறேன்... ‘சுபாங் விமான நிலையத்தில் அப்போது ஒரு மாடி இருந்தது. வழியனுப்ப வந்தவர்கள் அங்கே நின்று கையசைப்பார்கள். எங்களுக்கு வழியனுப்ப யாரும் இல்லை. ஆனாலும் அப்பா என்னை ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு அங்கே கூட்டிப் போவார். ரயில் கேட்டை மூடித் திறப்பது அவர் வேலை. ஒவ்வொரு விமானம் கிளம்பும்போதும் நான் கையசைப்பேன். யாருக்கு என்று அவர் கேட்டதில்லை. ஒரு நாள் அவரும் கையசைத்தார்.’ இது மட்டும் உண்மை அங்கிள். மத்த பதினஞ்சரைப் பக்கமும் யாரோ கேட்டதுக்காக எழுதுனது. இது மட்டும் அவரா எழுதிட்டாரு. எழுதிட்டுப் பயந்துபோய் அடுத்த வரியிலயே திரும்பவும் நேரந்தவறாமைக்குப் போயிட்டாரு.

பேசில்: அந்த மாடி இப்ப இல்ல.

ஷெர்லி: தெரியும். அப்பா சொல்லியிருக்காரு... இருங்க அங்கிள், போன். பாஸ்தான்... ஹலோ பாஸ். ஆமா பாஸ். வெட்டிட்டு இருக்கேன் பாஸ்... பேசில் அங்கிள் வந்திருக்காரு. தெரியல பாஸ்... ஏதோ புத்தகத்தப் பத்தி... உங்ககிட்டப் பேசணுமாம் அங்கிள்.

பேசில்: குடு... அய்யாவு? எங்க இருக்கீங்க? பெடரல் ஹைவேயா, அங்க என்னைக்குத்தான் ஜாம் இல்ல... இல்லலா, குறை ஒன்னும் இல்ல. பைண்டிங் எல்லாம் ரொம்ப நல்லா இருக்கு. நாளைய விழாவுக்கு டத்தோவுக்கு ஒரு சின்ன ஏற்பாடு... அது இப்ப... வந்து சொல்றேன். பொண்ணு சரியாத்தான் செஞ்சிருக்கு. ம்... ம்... சரி, மெதுவா வாங்க.

ஷெர்லி: ...என்ன ஏற்பாடு அங்கிள்?

பேசில்: எனக்கென்ன தெரியும்? வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். இனிமேதான் யோசிக்கணும். அந்தப் பக்கத்த உள்ள வெச்சு ஒட்டவே முடியாதா?

ஷெர்லி: அட்டையக் கிழிக்கணும். அட்டை ஐநூறுதான் அடிச்சோம்.

பேசில்: அப்ப டத்தோ நாளைக்கு எங்கதான் இருப்பாரு...

ஷெர்லி: ஒன்னு செய்யலாம். திட்டாதீங்க.

பேசில்: சொல்லு.

ஷெர்லி: ஒரு பாரம்னா தனியாவே ஒரு குட்டிப் புத்தகம்தான் அங்கிள். நடு மடிப்புல ரெண்டு பின் அடிச்சு, மூணு பக்கமும் வெட்டுனா முடிஞ்சிருச்சு. கலர்த் தாள்ல அட்டை போட்டு, டத்தோ படத்தப் போட்டு, வாசல்ல ஆளுக்கு ஒன்னு குடுத்துருங்க. நாவலோட இலவச இணைப்பு.

பேசில்: தனிப் புத்தகம்.

ஷெர்லி: தனிப் புத்தகம். நாவல்ல எட்டாவது அத்தியாயமா ஒளிஞ்சிட்டு இருந்தவரு அட்டைக்கே வந்துருவாரு. நீங்க மேடையில இதப் பாத்தே வாசிக்கலாம். காஜாங் அம்மாவுக்கு ஒன்னு தபால்ல அனுப்பிட்டு, எடிட்டர்கிட்ட, மதிப்புரையில இந்த இணைப்பத்தான் சொன்னேன்னு சொல்லிருங்க.

பேசில்: மொதப் பக்கமே நூத்திப் பதிமூணுன்னு ஆரம்பிக்குமே.

ஷெர்லி: டத்தோ அவரு பேரத்தான் தேடுவாரு. நம்பரத் தேட மாட்டாரு.

பேசில்: ...எத்தனை மணி நேரம் ஆகும்?

ஷெர்லி: படம் அனுப்புனீங்கன்னா அட்டை இப்பவே அடிச்சிருவேன். பின் அடிக்க ரெண்டு மணி நேரம். நீங்க அட்டைய மடிச்சுக் குடுத்தா ஒன்றரை.

பேசில்: குடு, மடிக்கறேன். அய்யாவு கேட்டா, டத்தோவுக்குத் தனிப் புத்தகம் போடலாம்னு ஆரம்பத்துலயே நான்தான் சொன்னேன், அதனாலதான் நீ அந்தப் பாரத்தத் தனியா எடுத்து வெச்சேன்னு சொல்லிடறேன். நீயும் அதையே சொல்லு.

ஷெர்லி: சரி அங்கிள்... தேங்க்ஸ்.

பேசில்: தேங்க்ஸ் இருக்கட்டும். தலைப்ப டைப் பண்ணு. ‘கேப்டன் ரெங்காவின் அறிவுரைகள்’.

ஷெர்லி: பண்ணிட்டேன். கீழ எழுதுனவர் பேர்?

பேசில்: தாமரைன்னு போட்டுரு.

ஷெர்லி: டீச்சர் ஒத்துக்க மாட்டாங்க.

பேசில்: அப்ப பேரே வேணாம்.

ஷெர்லி: பேரில்லாம எதையும் அடிக்கக் கூடாதுன்னு பாஸ் சொல்லியிருக்காரு.

பேசில்: அவசரத்துக்கு ஏதாவது ஒரு பேரப் போடும்மா. யாரு பாக்கப் போறா.

ஷெர்லி: அங்கிள்... இந்தப் பதினாறு பக்கமும் கையெழுத்துலதான் வந்துச்சு. டைப் பண்ணது நான். போன வருஷம் உங்க மதிப்புரையெல்லாம் சேத்து ஒரு புத்தகம் போட்டாங்கல்ல, அதையும் நான்தான் டைப் பண்ணேன். முந்நூறு பக்கம். ரெண்டும் ஒரே கையெழுத்து. உங்க பேரப் போடவா?

பேசில்: ...இவ்வளவு நேரம் தெரிஞ்சுக்கிட்டேதான் என் மூஞ்சிக்கு நேரா இத்தனையும் சொன்னியா?

ஷெர்லி: நீங்கதான் அங்கிள் கேட்டீங்க, ஒரு வரி கூடவான்னு.

பேசில்: இருபத்திரெண்டு வருஷம் அடுத்தவங்க கதையப் பத்தியே எழுதிட்டேன். டத்தோ கேட்டப்ப, சரி, இந்தச் சாக்குல நாமளும் ஒன்னு எழுதிப் பாப்போமேன்னு...

ஷெர்லி: பேர் அங்கிள்.

பேசில்: டத்தோ பேரையே போட்டுரும்மா, சந்தோஷப்படுவாரு. நூத்தி இருபத்திமூணுல மட்டும் அந்த அரைப்பக்கத்து மேல வெள்ளைத் தாள் ஒட்டிரு, ஐநூறுலயும். அந்தப் பிளேனுக்குக் கையாட்டுனது அவரு இல்ல.